வேரைத்தானே சொன்னேன், எண்ணெயை யார் பூசச் சொன்னது?

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. வேலை, மழை, மகளின் பரீட்சை என்று காரணங்கள் வழக்கமானவைதான். இன்றைக்கு எழுத உட்கார வைத்தது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பி. பத்து மில்லி. வெட்டிவேர் எண்ணெய்.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். நாங்கள் இருப்பது அந்தமானில். போர்ட் பிளேர் என்று நாம் பள்ளியில் படித்த ஊருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியது. எனக்கு வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. தினமும் காலையில் பாலத்தைக் கடந்து சாத்தம் தீவுக்குப் போய், அங்கே படகுத்துறையில் ஏறி எதிர்க்கரையில் இருக்கும் பேம்பூ பிளாட்டுக்குப் போவேன். கொதிகலன், குழாய், பம்பு என்று சுற்றும் உத்தியோகம். சொந்த ஊர் கடலூர் மாவட்டத்துக் கடற்கரை மணல் பூமி. நெல் வராத அந்த மணலில் எது வருமோ வராதோ, சவுக்கு வரும், முந்திரி வரும், வெட்டிவேர் வரும்.

சரி, குப்பி கதைக்கு வருவோம்.

ஊரிலிருந்து அண்ணி ஒரு பார்சல் அனுப்பியிருந்தார். முறுக்கு, கருவாடு, வடகம், அதோடு இந்தக் குப்பி. "பாப்பாவுக்குக் கொஞ்சம் கலர் வரும், ராத்திரி ராத்திரி பூசச் சொல்லுங்க தம்பி" என்று போனில் சொன்னார். அண்ணி கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் மகள் ஒன்பதாம் வகுப்பு. என்னைப் போலவே கறுப்பு. அவளுக்குப் பள்ளி ஆண்டு விழாவில் நடனம். குப்பியின் மேல் 'பாரம்பரிய வேர் எண்ணெய், சருமப் பொலிவுக்கு' என்று எழுதியிருந்தது. இயற்கை, பாரம்பரியம், அதுவும் நம்ம ஊர் வெட்டிவேர். இதில் என்ன கெடுதல் இருக்கப் போகிறது என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். என் தப்பு அதுதான்.

சொட்டுச் சொட்டாக எடுத்து வேறு எதிலும் கலக்காமல் அப்படியே முகம் முழுக்கப் பூசிக்கொண்டு படுத்திருக்கிறாள். முதல் நாள் ஒன்றும் இல்லை. நான்காம் நாள் கன்னம் இரண்டும் சிவந்து, தடித்து, அரிப்பு. "எரியுதுப்பா" என்று அழுதுகொண்டு வந்து நின்றாள். தோல் மருத்துவர் பார்த்துவிட்டு, கலக்காத வாசனை எண்ணெயால் வந்த ஒவ்வாமை என்றார், உடனே நிறுத்தச் சொன்னார், களிம்பு கொடுத்தார். இரண்டு வாரத்தில் தடிப்பு இறங்கியது. ஆனால் தடித்த இடங்களில் எல்லாம் கறுப்பாகத் திட்டு விழுந்திருந்தது. நம்மைப் போன்ற நிறத்துத் தோலில் புண்ணோ எரிச்சலோ வந்து ஆறினால் அந்த இடம் இன்னும் கறுக்கும், மெதுவாகத்தான் மறையும் என்று மருத்துவர் விளக்கினார். கலர் வருவதற்குப் பூசியது, கறுப்புத் திட்டில் கொண்டு போய் விட்டது!

ஊரில் அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. "ஏன்டா, நம்ம ஆயா காலத்துலேர்ந்து வெட்டிவேரு போட்டுக் குளிக்கிறோம், யாருக்காவது இப்படி ஆச்சா? நான் வேரைத்தானே சொன்னேன், எண்ணெய்ய யாருடா பூசச் சொன்னது?"

அந்த ஒரு கேள்விதான் இந்தப் பதிவு. வேர் வேறு, எண்ணெய் வேறா? ஒன்றிலிருந்துதானே இன்னொன்று வருகிறது? படகில் வரும்போதும் போகும்போதும் இதையே யோசித்து, தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பெரிய சரித்திரமே இருந்தது. வெளியூரில் இருந்துகொண்டு ஊர் வைத்தியத்தைக் குப்பியில் வாங்கும் நம் எல்லோருக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன்.

வேரின் கதை

ஆயா காலத்துக்கு முன்னால் ஆரம்பிப்போம். சமஸ்கிருத வைத்திய நூல்களில் வெட்டிவேருக்கு உசீரம் என்று பெயர். சரக சம்ஹிதையில் மருந்துச் சரக்குகளைப் பத்துப் பத்தாகக் கூட்டம் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அதில் 'வர்ண்யம்' என்ற கூட்டத்தில் உசீரம் இருக்கிறது. சந்தனம், மஞ்சிட்டி, அதிமதுரம், நன்னாரி வகை எல்லாம் அதே கூட்டம். உடல் எரிச்சலைத் தணிக்கும் சரக்குகளின் கூட்டத்திலும் உசீரம் இருக்கிறது.

இந்த 'வர்ண்யம்' என்ற சொல்லைத்தான் இன்றைக்கு விற்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள். வர்ணம் என்றால் நிறம், ஆகவே நிறத்தைக் கூட்டும், ஆகவே சிவப்பாக்கும்! அங்கே சொல்வது தோலின் இயல்பான நிறமும் பொலிவும் கெடாமல் இருப்பது. கறுப்பாகப் பிறந்தவளை வெளுப்பாக்குவது அல்ல. வியர்க்குருவும் சூட்டுக் கொப்புளமும் இல்லாத கறுப்புத் தோலும் பொலிவான தோல்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே சொல்லப்படும் சரக்கு வேர். அதை ஊற வைக்கலாம், கஷாயம் வைக்கலாம், அரைத்துப் பூசலாம், எண்ணெயில் போட்டுக் காய்ச்சலாம். நம் வீடுகளிலும் இதையேதான் செய்தார்கள். மண்பானைத் தண்ணீரில் ஒரு சின்ன முடிச்சு வேர். பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, ரோஜா மொட்டோடு சேர்த்து அரைத்த குளியல் பொடி. தலைக்குத் தேங்காய் எண்ணெயில் ஊறிய வேர். ஜன்னலுக்குத் தட்டி, கைக்கு விசிறி, சாமிக்கு மாலை. கத்தரி வெயிலில் ஆயா வாசலில் தட்டியைக் கட்டி அதில் தண்ணீர் தெளிப்பார். காற்று அதன் வழியாக வரும்போது ஒரு ஈரமண் வாசனை வருமே, அதை இந்த வயதிலும் மறக்க முடியவில்லை.

இந்தத் தட்டிக்கும் சரித்திரம் உண்டு. அக்பர் காலத்தில் இந்த வேரால் அறைகளை அமைத்துத் தண்ணீர் தெளித்துக் குளிர வைத்ததை அபுல் ஃபசல் 'ஐன்-இ-அக்பரி'யில் எழுதி வைத்திருக்கிறார். வடக்கே இதற்குக் கஸ் என்று பெயர், அந்த அறைக்கு கஸ்கானா. பின்னால் வந்த வெள்ளைக்கார துரைமார்களும் கோடைக்கு கஸ் தட்டி இல்லாமல் இருக்கவில்லை.

சாத்தத்துக்கும் இதில் ஒரு சின்ன ஒட்டு இருக்கிறது. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர் என்ற கப்பல்படை அதிகாரி அந்தமானில் முதல் ஆங்கிலேயக் குடியிருப்பைப் போட்டது இந்தத் தீவில்தான். அவர் பெயர்தான் போர்ட் பிளேருக்கு வந்தது. அந்தக் குடியிருப்பை 1792-இல் வடக்கு அந்தமானுக்கு மாற்றி, நோய் நொடியால் ஆட்கள் சாகவே 1796-இல் கைவிட்டார்கள். மறுபடி 1858 மார்ச்சில், சிப்பாய்க் கலகத்துக்குப் பிறகு, ஜே.பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்தபோதும் முதலில் காட்டை வெட்டியது சாத்தத்தில்தான். ஆனால் இங்கே குடிநீர் போதவில்லை. அதனால் தலைமையிடத்தை எதிரே இருந்த ராஸ் தீவுக்கு மாற்றினார்கள். இப்போது அது நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. சுற்றிலும் கடல், வருடத்துக்குச் சுமார் 3000 மில்லிமீட்டர் மழை, குடிக்கத் தண்ணீர் இல்லை! எங்கள் வீட்டிலும் குழாயில் தண்ணீர் வராத நாளில், பிடித்து வைத்த பழைய தண்ணீரில் அம்மா கொடுத்தனுப்பிய வேரைப் போட்டு வைக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

எண்ணெயின் கதை

வேரிலிருந்து எண்ணெயை எப்படி எடுக்கிறார்கள்? இது என் தொழிலுக்குப் பக்கத்தில் இருக்கும் விஷயம், ஆகவே கொஞ்சம் உற்சாகமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலர்ந்த வேரைக் கழுவி, நறுக்கி, பாத்திரத்தில் அடைத்து நீராவியை உள்ளே விடுவார்கள். நீராவி வேரில் இருக்கும் வாசனைப் பொருளைத் தூக்கிக்கொண்டு போகும். அதைக் குளிர வைத்தால் தண்ணீரும் எண்ணெயும் தனித்தனியாகப் பிரியும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் வெட்டிவேரின் வாசனைப் பொருட்கள் கனமானவை, லேசில் ஆவியாகாதவை. எலுமிச்சம்புல் எண்ணெயைச் சில மணி நேரத்தில் வடித்துவிடலாம், வெட்டிவேருக்கு ஒரு பகலும் இரவும்கூட அடுப்பு எரிய வேண்டியிருக்கும். பூசினால் நாள் கணக்கில் வாசனை போகாமல் நிற்பதும் இந்தக் கனத்தால்தான்.

நூறு கிலோ உலர்ந்த வேரிலிருந்து, ரகத்தையும் வேரின் வயதையும் பொறுத்து, ஒன்று இரண்டு கிலோ எண்ணெய் கிடைத்தால் நல்ல மகசூல். இப்போது என்னோடு சேர்ந்து ஒரு கணக்குப் போடுங்கள். பத்து மில்லி குப்பி என்றால் கிட்டத்தட்ட அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வேர் அதற்குள் இருக்கிறது. ஒரு மில்லிக்குச் சுமார் இருபது சொட்டு. என் மகள் ஒரு ராத்திரியில் பத்துச் சொட்டு பூசியிருந்தால் இருபத்தைந்து முதல் ஐம்பது கிராம் வேரின் சாரத்தை முகத்தில் ஏற்றியிருக்கிறாள். ஆயா பானையில் போட்டது ஒரு சின்ன முடிச்சு. அதிலும் தண்ணீரில் இறங்கியது கொஞ்சம்தான், மிச்சம் எல்லாம் வேரிலேயே இருந்தது. அதனால்தான் அது அத்தனை நாள் மணத்தது.

கணக்கு இத்தோடு முடியவில்லை. தண்ணீரில் இறங்குவது ஒரு சரக்கு, ஆவியில் ஏறுவது இன்னொரு சரக்கு. கஷாயத்தில் வருவதெல்லாம் எண்ணெயில் வராது, எண்ணெயில் இருப்பதெல்லாம் கஷாயத்தில் இருக்காது. அம்மா கேட்ட கேள்விக்குப் பாதி பதில் இதிலேயே இருக்கிறது.

எண்ணெய் எடுப்பது நம் நாட்டுக்குப் புதிது இல்லை. உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்ற ஊர் அத்தருக்குப் பேர்போனது. அங்கே செம்புப் பாத்திரத்தில், மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, மூங்கில் குழாய் வழியாக ஆவியை இன்னொரு பாத்திரத்துக்குக் கொண்டு போய் 'ரூஹ் கஸ்' என்ற எண்ணெயை இறக்குகிறார்கள். செம்பு கலப்பதால் அது பச்சை நிறமாக இருக்கும். ஆனால் அது முதன்மையாக வாசனைச் சரக்கு. துணியில் ஒரு துளி, காது மடலுக்குப் பின்னால் ஒரு தொடுகை, சர்பத்தில் கொஞ்சம் மணம். முகத்தில் அப்பிக்கொள்ள வாங்கும் பொருள் அல்ல, அந்த விலைக்கு அப்படி வாங்கவும் முடியாது.

பெயர் போன பாதை

இனி சொல்லப் போவது நம் எல்லோருக்கும் கொஞ்சம் பெருமையான விஷயம். பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இந்தப் புல்லுக்கு 'வெட்டிவர்' என்றுதான் பெயர். அகராதிகளைப் புரட்டினால் தமிழிலிருந்து வந்தது என்று போட்டிருக்கும். 'கறி', 'கட்டுமரம்', 'மிளகுத்தண்ணி' போன இடத்துக்கு இந்த வேரும் போயிருக்கிறது. மலையாளத்தில் ராமச்சம், கன்னடத்தில் லாவஞ்சம், இந்தியில் கஸ். உலகம் எடுத்துக்கொண்டது தமிழ்ப் பெயரை.

சொல்லோடு செடியும் போனது. தென்னிந்திய வகை பெரும்பாலும் விதை பிடிக்காது, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும். 1990-களின் கடைசியில் பல நாட்டு வெட்டிவேர்ச் செடிகளின் மரபணுவை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வெளிநாடுகளில் பயிராகும் விதை பிடிக்காத செடிகளில் பெரும்பாலானவை ஏறக்குறைய ஒரே செடியின் பிள்ளைகள் என்று தெரிந்தது. யாரோ ஒருவர் ஒரு தூரைப் பிடுங்கி ஈரத்துணியில் சுற்றிக் கப்பல் ஏற்றியதன் வம்சம். கருவேப்பிலைக் கன்றைப் பையில் மறைத்து வெளிநாடு கொண்டு போகும் நம் மக்களுக்கு இது புரியும்!

இந்தியப் பெருங்கடலில் ரீயூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. 1848-இல் அங்கே அடிமை முறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். அவர்களின் வம்சத்தினரை இன்றும் 'மலபார்' என்று அழைக்கிறார்கள். அந்தத் தீவின் வெட்டிவேர் எண்ணெய் 'பூர்போன்' என்ற பெயரில் பிரெஞ்சு வாசனைக்காரர்களிடம் பெயர் வாங்கியது. இந்தோனேசியாவின் ஜாவாவில் 'அகர் வாங்கி', அதாவது வாசனை வேர் என்று சொல்கிறார்கள். இன்றைக்கு முதலிடம் கரீபியன் கடலில் இருக்கும் ஹைட்டிக்கு. உலகச் சந்தையின் வெட்டிவேர் எண்ணெயில் பாதிக்கு மேல் அந்த ஏழை நாட்டின் தெற்குப் பகுதி விவசாயிகள் தோண்டும் வேரிலிருந்து வருகிறது.

இந்த எண்ணெய் போனது எங்கே? சென்ட்டுக்கு. பாரீஸில் கார்வன் நிறுவனம் 1957-இலும் கெர்லன் நிறுவனம் 1959-இலும் 'வெட்டிவர்' என்றே பெயர் வைத்து ஆண்களுக்கான சென்ட்டைக் கொண்டு வந்தன. மற்ற வாசனைகள் சீக்கிரம் பறந்து போகாமல் பிடித்து நிறுத்த இந்த எண்ணெய் உதவும் என்பதால் எத்தனையோ சென்ட்டுகளில் பெயர் சொல்லாமலும் கலந்திருக்கிறது.

முகத்துக்கு எப்போது வந்தது?

அப்படியானால் இதைத் தோலில் பூசும் பழக்கம்? அதற்கு ஒரு தனிச் சரித்திரம், அதுவும் ஐரோப்பாவில். ரெனே மொரீஸ் கட்டஃபோசே என்ற பிரெஞ்சு வேதியியல்காரர்தான் 'அரோமாதெரபி' என்ற சொல்லை உருவாக்கினார். அந்தப் பெயரில் அவர் புத்தகம் 1937-இல் வந்தது. அவருக்குப் பிறகு மார்கரெட் மோரி என்ற பெண்மணி வாசனை எண்ணெய்களை அழகுக் கலைக்கும் மசாஜுக்கும் கொண்டு வந்தார். அவர் செய்ததில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. தாவர எண்ணெயில் நன்றாகக் கலந்து, வீரியத்தைக் குறைத்துத்தான் பூசினார்.

அதாவது, நம் வேர் கப்பலேறி, ஆலைக்குப் போய், எண்ணெயாகி, ஐரோப்பிய அழகு நிலையத்துக்குப் போய், சுற்றிக்கொண்டு நம் வீட்டுக்கே குப்பியில் வந்திருக்கிறது. வரும் வழியில் இரண்டு விஷயங்கள் நடந்துவிட்டன. ஆயா வேருக்குச் சம்பாதித்துக் கொடுத்த நல்ல பெயரை எண்ணெய் எடுத்துக்கொண்டது. கலந்து பூச வேண்டும் என்ற எச்சரிக்கை பாதி வழியில் உதிர்ந்து போனது. குப்பியின் மேல் 'பாரம்பரியம்' என்று போட்டிருந்தார்களே, பாரம்பரியம் வேருக்குத்தான் உண்டு. கலக்காத எண்ணெயை முகத்தில் பூசுவதற்கு என் அம்மாவோ ஆயாவோ சாட்சி சொல்ல மாட்டார்கள்.

அறிவியல் என்ன சொல்கிறது? நியாயமாகச் சொல்ல வேண்டும். எண்ணெய்க்கு ஒரு குணமும் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆய்வுக்கூடத்தில் சில கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கிறது, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குணமும் தெரிகிறது. 2014-இல் வெளியான ஒரு ஆய்வில் மெலனின் என்ற கறுப்பு நிறமி உண்டாவதையும் அது குறைத்தது. விளம்பரக்காரர்களுக்கு இது போதுமே! ஆனால் அந்தச் சோதனை நடந்தது எலியின் புற்றுநோய்ச் செல்களில், கண்ணாடித் தட்டில். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணின் கன்னத்தில் அல்ல. தட்டில் நடப்பது தோலில் நடக்குமா, எந்த அளவில், எத்தனை நாள், பக்க விளைவு என்ன என்பதெல்லாம் தனித்தனிக் கேள்விகள்.

இயற்கையானது எப்படிக் கெடுதல் செய்யும் என்று சிலர் கேட்பார்கள். அவர்களைச் சாத்தத்துக்கு அழைக்கிறேன். இங்கே 1883-இல் தொடங்கிய அரசு மர அறுப்பு ஆலை இருக்கிறது, ஆசியாவின் மிகப் பழைய ஆலைகளில் ஒன்று. அந்தமானின் பெருமையான படாக் மரத்தை அறுத்த ஆலை. நல்ல சிவப்பு மரம், நம் செம்மரத்துக்கும் வேங்கைக்கும் உறவு. நூறு சதவீதம் இயற்கைதான். ஆனால் படாக் மரத்தூள் பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், மூச்சு இரைக்கும். மரத்துக்கு நம் மேல் கோபம் எல்லாம் இல்லை, நம் தோல் அதை ஏற்கவில்லை, அவ்வளவுதான். எண்ணெயும் அப்படித்தான். ஒருவருக்கு ஒத்துக்கொள்ளும், இன்னொருவருக்குத் தடிக்கும்.

எங்கள் வீட்டில் இப்போது

அம்மா போனிலேயே பாடம் எடுத்தார். அதையும் மருத்துவர் சொன்னதையும் சேர்த்துத் தருகிறேன். கப்பலிலோ விமானத்திலோ வெட்டிவேர் வரவழைக்கும் எல்லோருக்கும் உதவும்.

வேர் வாங்கும்போது மண் வாசனை வர வேண்டும், பூஞ்சை வாடை வரக் கூடாது. இங்கே காற்றிலேயே ஈரம் என்பதால் காற்றுப் புகாத டப்பாவில் வைக்க வேண்டும். இரண்டு மூன்று முறை நன்றாக அலசி, மெல்லிய துணியில் முடிந்து குடிநீரில் போடலாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும், வேரை எடுத்து வெயிலில் காய வைத்துத்தான் மறுபடி போட வேண்டும். வியர்க்குருவுக்கு, வேரைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரைக் கடைசிச் சொம்பாக மேலே ஊற்றிக்கொள்ளலாம். சுத்தமான தேங்காய் எண்ணெயில் நன்றாகக் காய்ந்த வேரை ஒரு வாரம் ஊற வைத்து வடிகட்டினால் தலைக்கும் கை காலுக்கும் ஆகும். வேரில் ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும்.

குப்பி எண்ணெயேதான் வேண்டும் என்பவர்கள், முப்பது மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ ஐந்தாறு சொட்டுக்கு மேல் போகாதீர்கள். முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் பூசி இரண்டு நாள் பாருங்கள். முகம் கடைசி. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மருத்துவரைக் கேட்காமல் வேண்டவே வேண்டாம். விலையையும் பாருங்கள். ஒரு கிலோ வேரும் ஒரு நாள் நெருப்பும் விழுங்கும் சரக்கு அடிமட்ட விலைக்குக் கிடைத்தால், உள்ளே வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

அண்ணியிடம் நான் சண்டை போடவில்லை. அவர் அனுப்பியது எண்ணெய் என்றாலும் கூடவே வந்தது அன்புதானே. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டேன். "அண்ணி, இனிமே பாப்பாவுக்கு எது வேணும்னாலும் அனுப்புங்க, கலர் வரதுக்குன்னு மட்டும் எதையும் அனுப்பாதீங்க." கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "சரி தம்பி, நானும் அந்த வயசுல எதையெல்லாம் பூசியிருக்கேன் தெரியுமா" என்றார். அவரும் கறுப்புதான்.

ஆண்டு விழாவுக்கு மகள் போனாள், திட்டு முழுதாக மறையவில்லை. ஆட மாட்டேன் என்று முதலில் அடம் பிடித்தாள். பிறகு ஆடினாள், முன் வரிசையில். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைச் சாத்தத்துக்குக் கூட்டிப் போனேன். படகுத்துறையில் நின்று இந்தக் கதையை எல்லாம் சொன்னேன். ரீயூனியன், ஹைட்டி, பாரீஸ் என்று எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்போ பாரீஸ்ல அந்த சென்ட்டு வாங்குறவங்க எல்லாம் தமிழ்லதான் கேக்குறாங்களாப்பா?"

ஆமாம் என்றேன். சிரித்தாள். அந்தக் குப்பியில் மிச்சம் இருந்ததைத் துணி அலமாரியில் பஞ்சில் நனைத்து வைத்திருக்கிறோம். புடவை எல்லாம் ஊர் வாசனை.

உங்கள் வீட்டு ஆயாவோ பாட்டியோ அம்மாச்சியோ வெட்டிவேரை வேறு எப்படிப் பயன்படுத்தினார்கள்? நினைவிருந்தால் எழுதுங்கள், என் அம்மாவிடம் படித்துக் காட்டுவேன். மீண்டும் சந்திப்போம்.

டிஸ்கி: நான் மருத்துவன் அல்ல, குழாய் பொருத்துகிறவன். தோலில் ஏதாவது தடித்தால் என் பதிவைப் படித்துக்கொண்டு உட்காராமல் தோல் மருத்துவரைப் பாருங்கள்.